மணல் உடம்பு

சாவடிக்குப்பத்தார் வேறு எதில் முன்பின்னாக நடந்துகொண்டாலும், சாவுக்குச் செய்ய வேண்டியதில் வரிசை தவற மாட்டார்கள். வீட்டில் படுத்துச் செத்தவனுக்கு ஒரு முறை. கடலுக்குப் போய் உடம்பு கரை சேராதவனுக்கு ஒரு முறை. அம்மையிலோ வாந்திபேதியிலோ போனவனுக்கு முறையே இல்லை. அவனைச் செல்லியம்மன் எடுத்துக்கொண்டாள் என்று பொருள். தெய்வம் எடுத்துக்கொண்டதற்கு மனிதர் அழுவது குற்றம். பறை கிடையாது, கோடி கிடையாது, பெயர் சொல்லி ஒப்பாரி கிடையாது. ஓராண்டுக்கு அவன் பெயரையே வாயில் எடுக்கக் கூடாது. மீறி அழுதால், அழுத வீட்டோடு அவள் நிற்க மாட்டாள், ஊரையே கேட்பாள்.

கடலில் போனவன் கதை வேறு. அவனுக்கு உடம்பு இல்லை. ஆகவே உடம்பு செய்ய வேண்டும். அலை வந்து நனைத்துவிட்டுப் போகும் ஈர மணலில், அவனைப் பெற்றவளோ கட்டியவளோ தன் கையாலேயே ஓர் ஆளைச் செய்வாள். பிறத்தியார் ஒரு பிடி மணல்கூடச் சேர்க்கக் கூடாது. உரு முடிந்ததும் அடையாளம் வைப்பாள். மச்சமிருந்தால் ஒரு கூழாங்கல், தழும்பிருந்தால் ஒரு சிப்பி. யாருடைய உடம்பு என்று கடலுக்குத் தெரிய வேண்டுமல்லவா? அதன் பிறகு தாய்மாமன் வந்து, தண்ணீர் காணாத புதுத் துணியைக் கோடியாகப் போர்த்துவான். பெற்றவளுக்கும் பிறந்த வீட்டுக் கோடியாக ஒரு புடவை வைப்பான். பறை அடிக்கும். அலை ஏறி வந்து மணலைக் கரைக்கும் மட்டும் வாய்விட்டு அழலாம். கரைந்த பிறகு அழக் கூடாது.

ஆதியம்மாள் அப்படி இரண்டு உடம்புகள் செய்தாள் என்பதை மாமல்லபுரம் வரையில் எல்லாரும் அறிவார்கள். மூன்றாவது உடம்பைப் பற்றித்தான் ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள்.

முதலாவது அவள் கணவன் பக்தவச்சலத்துக்கு. ஐப்பசிக் கொந்தளிப்பில் அவனுடைய கட்டுமரம் பிரிந்துபோயிற்று. அன்றைக்கு யாரும் கடலில் இறங்கத் துணியவில்லை. ஆதியம்மாளின் அண்ணன் தனகோடி ஒருவன்தான் மரத்தைத் தள்ளிக்கொண்டு போனான். மச்சானைக் கொண்டுவர முடியவில்லை. மிதந்துகொண்டிருந்த ஒரு கட்டையைக் கயிற்றில் கட்டி இழுத்து வந்தான். கயிறு இடது கையைச் சுற்றி இறுக்கியதில் சுண்டுவிரலும் மோதிர விரலும் அறுந்துபோயின. அந்த மூன்று விரல் கையைத் துணியில் சுற்றிக்கொண்டு, இரத்தம் சொட்டச் சொட்ட அவன் கரையேறியதை ஆதியம்மாள் மறந்ததில்லை. பின்னாளில் அவன் குப்பத்துக்கு நாட்டார் ஆனான். குப்பத்தின் வழக்கு, திருவிழா, வலை விடும் முறை எல்லாவற்றிலும் நாட்டார் சொல்வதே முடிவு. பஞ்சாயத்தில் தனகோடி அந்தக் கையை உயர்த்தினால் பேச்சு அடங்கும்.

அவளுடைய ஒரே மகன் ராஜாராமை மாமனும் சேர்ந்துதான் வளர்த்தான். ஆதியம்மாள் விடியலில் மீன் ஏலத்தில் காரலோ சங்கராவோ எடுத்து, கூடையைச் சும்மாட்டின் மேல் ஏற்றித் திருக்கழுக்குன்றம் சந்தைக்கு நடப்பாள். வெயில் தாழ்ந்து அவள் திரும்புகிறவரை பையன் மாமன் வீட்டில் இருப்பான். அங்கேதான் கூழ், அங்கேதான் கருவாட்டுக் குழம்பு. வளர்ந்தபின் கல்பாக்கத்தில் அணு உலைக்கு அடித்தளம் தோண்டுகிற இடத்தில் மண் சுமந்தான். அங்கே காக்கி உடுப்புக்காரர்களைப் பார்த்துப் பார்த்து ஆசை வந்துவிட்டது. செங்கல்பட்டில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது மார்பை விரித்துக்கொண்டு போய் நின்றான். துப்பாக்கி கொடுப்பார்கள் என்று எண்ணியிருந்தவனை, படை மருத்துவமனையில் நோயாளிகளைத் தூக்குகிற பிரிவில் சேர்த்தார்கள்.

கிளம்புகிற அன்று அம்மா அவனுக்குச் சொன்ன புத்தி ஒன்றுதான்: ஊர் பேர் தெரியாத இடத்தில் குளத்துத் தண்ணீர், குட்டைத் தண்ணீர் குடிக்காதே, மணலைத் தோண்டி ஊறின தண்ணீரைக் குடி. அதைச் சொல்லக் குப்பத்தில் ஆள் தேவையில்லை. கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் மணலைக் கையால் பறித்தால் கற்கண்டாகத் தண்ணீர் ஊறுகிற ஊர் அது. மணல் வடிகட்டிய தண்ணீரில் அழுக்குத் தங்காது என்று பிறந்த குழந்தைக்கும் அங்கே தெரியும்.

எழுபத்தொன்றாம் ஆண்டு கார்த்திகைக் கடைசி. கிழக்கு வங்காளத்தில் நடந்துகொண்டிருந்த சண்டையைப் பற்றி மாமல்லபுரத்து டீக்கடை வானொலி ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தபோது தந்தி வந்தது. ராஜாராம் இறந்துவிட்டான் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. சண்டைக்குப் போனவன் எதனால் சாவான்? ஊர் தானாகவே குண்டு என்று முடிவு கட்டிக்கொண்டது. தைப் பிறப்புக்குப் பின் ஹமீது என்பவன் வந்து அந்த முடிவை உறுதிசெய்தான்.

ஹமீது செங்கல்பட்டுக்காரன். அதே பிரிவில் நோயாளி வண்டி ஓட்டியவன். வண்டி கவிழ்ந்து கால் எலும்பு முறிந்து, நீண்ட விடுப்பில் ஊருக்கு வந்திருந்தான். ராஜாராமின் தகரப் பெட்டியைக் கொண்டுவந்தான். வெளியாள் யார் வந்தாலும் முதலில் நாட்டார் வீட்டு முற்றத்துக்குப் போவது குப்பத்து வழக்கம். ஹமீதும் கம்பை ஊன்றிக்கொண்டு தனகோடியின் முற்றத்துக்குப் போய், தென்னை நிழலில் வெகுநேரம் இருந்துவிட்டு, அதற்குப் பிறகே ஆதியம்மாள் வீட்டுக்கு வந்தான். அண்ணனும் கூட வந்தான்.

ஹமீது பெட்டியைக் கீழே வைத்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"குண்டுதாம்மா. நெஞ்சுல. ஒடனே போயிடுச்சி. கஸ்டப்படல" என்றான்.

"தண்ணி கேட்டானா?" என்றாள் ஆதியம்மாள்.

ஹமீது தனகோடியை ஏறிட்டுப் பார்த்தான். தனகோடி தன் மூன்று விரல் கையால் தங்கையின் தலையைத் தடவி, "அத்தெல்லாம் இன்னாத்துக்கு ஆதி? போனவன் ராசாவாட்டம் பூட்டான்" என்றான்.

மறுவாரம் கரையில் இரண்டாவது உடம்பு செய்தாள். கடலில் போகாதவனுக்கு மணல் உடம்பு உண்டா என்று பூசாரி இழுத்தார். தண்ணீர் தாண்டிப் போய்ச் செத்தவன் கடலில் செத்தவனுக்குச் சமம் என்று நாட்டார் தீர்ப்புச் சொன்னான். சிறு வயதில் நங்கூரம் பட்டுக் கிழிந்த புருவத்துத் தழும்புக்கு ஆதியம்மாள் ஒரு சிப்பியை வைத்தாள். தாய்மாமன் கோடி போர்த்தினான். அவளுக்கும் மாம்பழ மஞ்சளில் சிவப்புக் கரையிட்ட பிறந்த வீட்டுக் கோடி வைத்தான். அதை மேலே ஒருமுறை சுற்றிக்கொண்டு, பின்னர் மடித்து வைத்துவிட்டாள். பறை முழங்கியது. அலை மகனைக் கரைத்துக்கொண்டு போயிற்று. அவள் அழுகையை நிறுத்தினாள். முறை முறைதான்.

ஊர் அத்தோடு விடவில்லை. குப்பத்துப் பாதை மாமல்லபுரம் சாலையில் சேருகிற முனையில் ஒரு கல் நட்டார்கள். ராஜாராம் போரில் குண்டடிபட்டு வீரமரணம் எய்தினான் என்று சிற்பிகள் அதில் வெட்டிக் கொடுத்தார்கள். மேடை போட்டார்கள். யாரோ பெரிய மனிதர் வந்து, அந்தக் கல்லின் பொருட்டாவது குப்பத்துக்குத் தார்ச்சாலை போட்டுத் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஆதியம்மாளை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வாழ்நாளில் நாற்காலியில் உட்கார்ந்தறியாதவள், நுனியில் தொற்றிக்கொண்டு, கால் எட்டாமல், கூட்டம் கலைகிறவரை அப்படியே இருந்தாள். அதன் பிறகு சந்தைக்குப் போகும்போதெல்லாம் கூடையை இறக்கி, கல்லை ஒருமுறை தொட்டுவிட்டு நடந்தாள்.

மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரை கொள்ளாத கூட்டம். படாளத்துப் பக்கமிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். கடலாடினார்கள், கரையிலேயே ஆக்கித் தின்றார்கள், கரையெங்கும் அசுத்தம் செய்துவிட்டுப் போனார்கள். பங்குனி பிறந்ததும் சாவடிக்குப்பத்தில் வாந்திபேதி கண்டது. முதலில் ஒரு குழந்தை போயிற்று. அடுத்து வலை பின்னுகிற ஒரு கிழவர். சுகாதாரத்துறை ஆட்கள் வந்து ஊசி போட்டு, கிணறுகளில் மருந்து கரைத்தார்கள். கிணற்றுத் தண்ணீர் நாறுகிறது என்று பெண்கள் முன்னைவிட அதிகமாக மணல் ஊற்றுக்குப் போனார்கள்.

தனகோடியின் மகள் கல்யாணி பிரசவத்துக்கு வந்தவள், மூத்த குழந்தையோடு பிறந்தகத்திலேயே தங்கியிருந்தாள். அந்தக் குழந்தைக்கும் வாந்திபேதி கண்டு கண்கள் உள்ளே போன அன்று, பூசாரி செல்லியம்மன் முன் நின்று ஆடினார். தான் எடுத்துக்கொண்ட ஒருவனுக்கு எவளோ பறை அடித்து அழுதிருக்கிறாள், அதைக் கேட்காமல் விட மாட்டேன் என்று அம்மன் சொன்னாளாம். கூடியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை, ஒருவனைத் தவிர.

அந்த ஒருவன் தனகோடி. அவன் அன்று பயந்தது பொய்யில்லை. தோளில் துவண்டு கிடந்த பேரப்பிள்ளையோடு எழுந்து நின்று, ராஜாராம் குண்டடிபட்டுச் சாகவில்லை, வாந்திபேதியில் செத்தான் என்று சொன்னான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். யார் இதை மறைத்தது என்று பூசாரி கேட்டார். ஊர் முழுவதும் நாட்டாரின் வாயைப் பார்த்தது. அவன் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு சொன்னான்: "பட்டாளத்துக்காரன் எந்தங்கச்சியாண்டதான் சொல்லிட்டுப் பூட்டான். எனக்கே போன வாரந்தான் தெரியும்."

ஆதியம்மாள் அங்கே இல்லை. சந்தையிலிருந்து திரும்பியவள் பாதை முனையில் கல்லைத் தொடக் குனிந்தாள், கல் இல்லை. பிடுங்கிய குழி மட்டும் இருந்தது. கல்லைக் குப்புறக் கவிழ்த்து, பக்கத்துச் சாக்கடைக் கால்வாய்க்கு மேல் பாலமாகப் போட்டிருந்தார்கள். அதன் மேல் நடந்து வந்த அண்டை வீட்டுச் சந்திரம்மா அவளைக் கண்டதும் நின்றாள். மீன் கூடை சுமப்பதில் இருவரும் வெகுகாலத்துக் கூட்டாளிகள்.

"இன்னா, வந்துட்டியா? நாற்காலில குந்திகினு மாலை வாங்குனியே, எங்க புள்ளைங்களத் துன்றதுக்கா?" என்றாள் சந்திரம்மா.

"இன்னாடி ஒளறிக்கினு கீற?"

"ஒன் அண்ணனக் கேளு. அவரு வாயாலதான் சொன்னாரு. ஒனக்குத் தெரியுமாமே. தெரிஞ்சிகினே பறையடிச்சியாமே."

ஆதியம்மாள் அண்ணனிடம் போகவில்லை. வீட்டுக்கும் போகவில்லை. வெறுங்கூடையை ஒரு கள்ளிப் புதர் நிழலில் கவிழ்த்து வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்து, கழுக்குன்றத்தில் பேருந்து பிடித்துச் செங்கல்பட்டில் இறங்கினாள். இரயில் நிலையத்துக்குப் பின்னாலிருந்த தெருவில், ஹமீதின் தாய் சைனம்பு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மீன் வாடையோடு வந்து நின்றவளை வியாபாரம் என்று நினைத்து, இன்றைக்கு வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, முகத்தைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு மகனைக் கூப்பிட்டாள். ஹமீது கம்பில்லாமல் நொண்டியபடி வந்தான்.

"எம்புள்ள எப்டிச் செத்தான்?" என்றாள் ஆதியம்மாள்.

ஹமீது கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தான். சைனம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். ஆதியம்மாள் அதை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கே நெசத்தச் சொல்லத்தாம்மா வந்தேன். நாட்டாராண்ட மொதல்ல சொன்னேன். காலரான்னு சொன்னா ஊருல சடங்கு செய்ய வுட மாட்டாங்க, பெத்தவ அழக்கூட முடியாது, குண்டுன்னு சொல்லுடா தம்பின்னாரு. கையப் புடிச்சிகினாரு. அந்தக் கையப் பாத்ததும் எனுக்கு மறுக்க வாய் வரல."

"அப்ப அண்ணனுக்கு அன்னிக்கே தெரியும்."

"அவரு முத்தத்துல குந்திகினு, எல்லாம் சொன்னேன்."

"எனுக்கும் எல்லாம் சொல்லு."

அவன் சொன்னான். எல்லை ஓரம் அகதிகள் இலட்சம் இலட்சமாக வந்து விழுந்து கிடந்தார்கள். பள்ளிக்கூடம், சாலையோரம், கழிவுநீர்க் குழாய்க்குள்ளேகூட மனிதர்கள். எங்கும் காலரா. உலகத்தையே சுற்றி வருகிற நோய் அது என்று டாக்டர்கள் சொல்லிக்கொண்டார்கள். ராஜாராமுக்கு ஆட்களைத் தூக்கிப் போடுவதுதான் வேலை. உயிரோடிருப்பவர்களைக் கூடாரத்துக்கு, இல்லாதவர்களைக் குழிக்கு. தன் தாய் மீன் கழுவுகிறவள், தனக்கு நாற்றம் ஒரு பொருட்டில்லை என்று சிரிப்பானாம். மற்றவர்கள் தொட அஞ்சியதை அவன் கழுவுவானாம்.

"அப்பறம் அவனுக்கு எப்டி வந்திச்சி? ஊசி போடலியா?"

"போட்டாங்கம்மா. ஊசி மட்டும் போதாது. குடிக்கிற தண்ணிதான். எங்களுக்குத் தொட்டில மருந்துத் தண்ணி வெச்சிருந்தாங்க. அவனுக்கு அந்த வாசன ஆவல. கொமட்டுதுடா ஹமீதும்பான். ஆத்தங்கரைல போயி மணலத் தோண்டுவான். ஊறுன தண்ணி கண்ணாடியாட்டம் இருக்கும். இது எங்கூரு தண்ணிடா, மணல்ல வடிஞ்சது, ஒண்ணும் பண்ணாதும்பான். அந்த ஆத்துலதான் அத்தினி சனமும் எல்லாம் கழுவுச்சி."

ஆதியம்மாள் மோரைக் குடிக்காமலே டம்ளரைச் சைனம்பு பக்கம் நீட்டினாள்.

"நாந்தான் சொல்லி அனுப்பினேன்" என்றாள்.

சைனம்பு அருகே வந்து டம்ளரை வாங்கிக்கொண்டாள். "நீங்க இன்னா பண்ணுவீங்க? தெரிஞ்சா சொன்னீங்க?"

"கடைசில தண்ணி கேட்டானா?"

"கேட்டான். மருந்துத் தண்ணிதான் குடுத்தோம். அப்ப மறுக்காம குடிச்சான்."

அவளுக்கு ஒரே ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. ஹமீது ஊர் நடுவில் வந்து நின்று, இன்னாரிடம் சொன்னேன், இன்னாரிடம் சொல்லவில்லை என்று ஒரு வார்த்தை பேச வேண்டும். மகன் என்னவாகச் செத்தாலும் செத்தவன் செத்தவன்தான். ஆனால் தெரிந்தே ஊர்ப் பிள்ளைகளைக் காவு கொடுத்தவள் என்ற பெயரோடு அவள் எந்தக் கரையில் உட்கார்ந்து மீன் வாங்குவாள்? ஹமீது உடனே சம்மதித்தான். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பகல் பேருந்தில் வந்துவிடுவதாகச் சொன்னான். சைனம்பு மகனுடைய நொண்டிக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை ஆதியம்மாள் பாதை முனையில், பிடுங்கிய குழிக்குப் பக்கத்தில் காத்திருந்தாள். கல்பாக்கத்து ஊழியர் வண்டி புழுதி கிளப்பிப் போயிற்று. பகல் பேருந்து வந்தது. கோழிக் கூண்டோடு ஒருவன் இறங்கினான். அடுத்த பேருந்தில் யாரும் இறங்கவில்லை. அதற்கும் அடுத்ததில், செங்கல்பட்டுக்குக் கருவாடு கொண்டுபோயிருந்த ஒருத்தி இறங்கி, ஒரு பாய்மார் வீட்டம்மா வழியில் மறித்துச் சேதி சொல்லி அனுப்பினாள் என்றாள்: பையன் ஊரப்பாக்கத்தில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டான், அங்கிருந்தபடியே பட்டாளத்துக்குப் போகிறான், அடுத்த ஊர் வழக்கில் அவனை நிறுத்த வேண்டாம், பெற்றவள் என்று மன்னித்துக்கொள்ளவும்.

ஆதியம்மாள் தலையை அசைத்துக் கேட்டுக்கொண்டாள். பெற்றவளின் பயம் அவளுக்குத் தெரியாததல்ல.

திரும்பும் வழியில் மணல் ஊற்றண்டை சந்திரம்மா குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். இடுப்பில் அவளுடைய கடைக்குட்டி. ஆதியம்மாள் சற்றுத் தள்ளியே நின்றாள். நெருங்கினால் எழுந்து போய்விடுவார்கள் என்பது அந்த வாரத்தில் அவளுக்குப் பழகியிருந்தது.

"சந்திரா, அந்தத் தண்ணிய அதுக்குக் குடுக்காத. மகத்துக்கு வந்த சனம் கரையெல்லாம் அசிங்கம் பண்ணிட்டுப் போச்சு. மணல் ஒண்ணும் வடிகட்டல. எம்புள்ள இதுமாரித் தண்ணி குடிச்சிதான் செத்தான்."

"ஓ, இப்ப பழிய ஊத்து மேல போடறியா? செல்லியம்மா மேல பயம் வுட்டுப் போச்சா?"

"காச்சியாவது குடு."

"வெறவு குடுக்க ஒங்கண்ணனா வருவாரு?" என்று சொல்லிவிட்டுச் சந்திரம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டாள். ஆனால் போகிற போக்கில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் பொழுது சாய்வதற்குள் தனகோடி தங்கை வீட்டுக்கு வந்தான். உள்ளே வராமல் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் ஒட்டிப்போயிருந்தது. கல்யாணியின் குழந்தை செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டது என்றான். ஆதியம்மாள் உண்மையாகவே மனம் குளிர்ந்தாள், கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு அவன் வந்த காரியத்தைச் சொன்னான். நாளை ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடி அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறது. ஆதியம்மாள் தலையில் கூழ்ப்பானையோடு வந்து, அம்மன் முன் மூன்று முறை, அவன் உன் பிள்ளை, எனக்குப் பிள்ளையில்லை என்று சொல்ல வேண்டும். தெரிந்து செய்த குற்றத்தைப் பொறுக்கும்படி கேட்க வேண்டும். அதற்குமேல் ஊர் அவளை ஒன்றும் சொல்லாது.

"தெரிஞ்சி செஞ்சது யாரு அண்ணாத்த?"

தனகோடி தரையைப் பார்த்தான். "ஒனக்காவத்தான் மறச்சேன் ஆதி. நீ அவனுக்கு ஒடம்பு செய்யாம, அழுவாம, கல்லு மாரி குந்திகினு இருப்பியேன்னுதான். செல்லிமேல ஆணையா."

"அத்த நம்பறேன். அப்ப எனுக்காவ மறச்ச. இப்ப யாருக்காவ எம்மேல போட்ட?"

கடலிலிருந்து கொண்டல் காற்று வீசிக்கொண்டிருந்தது.

"நான் நாட்டாரு. நாந்தான் பொய் சொன்னேன்னா, நாளைக்கு எவன் எம்பேச்சக் கேப்பான்? வல மொற, தொற மொற எல்லாம் பூடும். ஊரே ரெண்டாப் பூடும். நீ பொம்பள. ரெண்டு நாளு பேசுவாங்க, மறந்துடுவாங்க. நான் ஒன்ன வுட்டுடுவனா? ஒனக்குன்னு நான் எத்த இழந்தேன்னு ஒனக்குத் தெரியாதா?"

இடது கையைக் கொஞ்சம் முன்னே நீட்டினான். வேண்டுமென்று நீட்டினானா, பழக்கத்தில் நீட்டினானா என்பதை அவனாலும் சொல்லியிருக்க முடியாது.

ஆதியம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள். "தெரியும்" என்றாள். "நாளிக்கு வரேன், போ."

அவன் நிம்மதியாகப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கடல் உள்வாங்கியிருந்தது. செல்லியம்மன் கோயில் கரையை ஒட்டித்தான் இருக்கிறது. வேப்பிலைத் தோரணம் கட்டி, கூழ்ப்பானைகளை வரிசையாக வைத்து, ஊர் முழுவதும் கூடி நின்றது. பறைகாரர்கள் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். நாட்டார் வெள்ளை வேட்டியில், பூசாரிக்கு வலப்பக்கம். ஆதியம்மாள் வந்தாள். தலையில் பானையில்லை. கையில் மடித்த புடவை ஒன்று இருந்தது. மாம்பழ மஞ்சள், சிவப்புக் கரை. கோயிலுக்கு முன் நிற்காமல் நேரே ஈர மணலுக்குப் போய், முழங்கால் போட்டு உட்கார்ந்து, மணலை வாரத் தொடங்கினாள்.

மகனுக்கு மறுபடியும் உடம்பு செய்கிறாள் என்று கூட்டம் சலசலத்தது. அம்மன் எதிரிலேயே இந்தத் திமிரா என்றார் பூசாரி. தடுக்கப் போனவர்களும் பாதியில் நின்றுவிட்டார்கள். மணல் உடம்பு செய்கிறவளின் கையைப் பிடிக்கக் கூடாது, அதுவும் முறைதான்.

அவள் அவசரப்படவில்லை. தலையை உருட்டினாள். தோள்களை அகலமாக வைத்தாள். வயிற்றுக்கு மணலைக் குவித்துத் தட்டியபோது சிலர் முகம் மாறியது. ராஜாராம் ஒட்டிய வயிற்றுப் பையன். கால்களை நீட்டினாள். வலக்கையைச் செய்து, விரல்களை ஒவ்வொன்றாகக் கீறிப் பிரித்தாள். பிறகு இடக்கை. கட்டை விரல். ஆள்காட்டி விரல். நடுவிரல். அத்தோடு கையை எடுத்துவிட்டாள்.

சிப்பியோ கல்லோ வைக்கவில்லை. அடையாளம் அதுவே போதுமானதாக இருந்தது.

கூட்டத்தின் கண்கள் மணலிலிருந்து ஏறி, நாட்டாரின் இடது கையில் போய் நின்றன. தனகோடி அந்தக் கையை வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டான். அவன் அதை அப்படி மறைத்து அவ்வூரில் பிறந்த எவரும் பார்த்ததில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதற்கு விடை வந்துவிட்டது.

ஆதியம்மாள் புடவையை உதறி விரித்து, பிறந்த வீட்டுக் கோடியை அந்த உடம்பின் மேல் தலை முதல் கால் வரை போர்த்தினாள். சுருக்கமில்லாமல் நான்கு முனையையும் இழுத்துவிட்டாள். பிறகு எழுந்து, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"எனுக்குப் பொறந்த வூடு இல்ல. எம்புள்ள காலராவுலதான் செத்தான். அந்நிய சனத்துப் பீயக் கழுவிட்டுச் செத்தான். அவன் எம்புள்ளதான்."

"ஆதி" என்றான் தனகோடி. குரல் அலைக்கு மேல் எழவில்லை.

முதல் அலை பாதத்தை நனைத்தது. அடுத்தது இடுப்பு வரை ஏறி, துணியைத் தூக்கி, மணலை உள்ளுக்குள் இளக்கியது. முறைப்படி அப்போது அவள் அழலாம். அவள் அழுதாள், வாய்விட்டு, இரண்டு கையாலும் மார்பில் அடித்துக்கொண்டு, கயிற்றில் ஒரு கட்டையைக் கட்டி இழுத்துக்கொண்டு கரையேறிய அண்ணனுக்காக அழுதாள். பறை அடிக்க ஒருவரும் முன்வரவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற சந்திரம்மா, குழந்தைக்குப் புகட்டக் கையில் வைத்திருந்த சொம்புத் தண்ணீரைச் சத்தமில்லாமல் மணலில் கவிழ்த்தாள்.

மூன்றாவது அலை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. மஞ்சள் துணி சற்றுத் தூரம் மிதந்து, பிறகு தெரியவில்லை.

ஆதியம்மாள் அழுகையை நிறுத்தினாள். கடல் நீரில் முழங்கை வரை கழுவிக்கொண்டாள். அண்ணன் நின்ற இடத்தைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. ஆளில்லாத இடத்தைக் கடப்பது போலக் கடந்து, மேட்டில் ஒதுங்கியிருந்த கட்டுமரங்களண்டை போனாள். அன்றைக்கு வந்த கவளை மீன் ஏலம் கேட்பாரில்லாமல் கிடந்தது. விடியலிலேயே அங்கே கவிழ்த்து வைத்திருந்த தன் கூடையை நிமிர்த்திப் போட்டு, விலை என்ன என்று கேட்டாள்.

மீன்காரன் நாட்டார் பக்கம் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். விலையைச் சொன்னான்.

கூடையோடு பாதை முனைக்கு வந்தபோது, கவிழ்ந்து கிடந்த கல்லின் மேல் கால் வைக்காமல், கால்வாயில் இறங்கி ஏறினாள். கணுக்கால் அளவு சேறு. கூடையை இறக்காமலே குனிந்து, கல்லின் ஓரத்தை விரலால் தொட்டுக்கொண்டு, திருக்கழுக்குன்றத்துக்கு நடந்தாள்.